ஜொகூர் – சிங்கப்பூர் எல்லையில் வார இறுதிப் பயணம்

ஜொகூர் – சிங்கப்பூர் எல்லையில் வார இறுதிப் பயணம் என்பது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திற்கும் சிங்கப்பூருக்கும் இடையே வெள்ளிக்கிழமை மாலை முதல் திங்கட்கிழமை அதிகாலை வரை நிகழும் பெரும் வாகனப் போக்குவரத்தையும், அதில் சிக்காமல் வீடு திரும்புவதற்குப் பயணிகள் நேரம் வகுத்துக்கொள்ளும் முறையையும் குறிப்பதாகும். உலகில் மிக அதிகமான மக்கள் கடக்கும் தரைவழி எல்லைகளுள் இதுவும் ஒன்று. கோவிட் பெருந்தொற்றுக்கு முன்னரே ஜொகூர் தரைப்பாலத்தை நாள்தோறும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடந்து வந்தனர். 2024 டிசம்பரில், பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்த நாட்களில், சிங்கப்பூரின் இரு தரைவழிச் சோதனைச் சாவடிகளையும் ஒரே நாளில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடந்தனர்.

இப்பயணம் இரு வகையினரைச் சார்ந்தது. சிங்கப்பூரில் வேலை செய்து ஜொகூரிலோ அதற்கு வடக்கே உள்ள ஊர்களிலோ குடும்பத்தை வைத்திருக்கும் மலேசியர் முதல் வகையினர். இவர்களுள் தமிழர் கணிசமானோர். வாங்குவதற்கும் உண்பதற்கும் உறவினரைக் காண்பதற்கும் மலேசியா சென்று ஞாயிறன்று திரும்பும் சிங்கப்பூரர் இரண்டாம் வகையினர். முதல் வகையினருக்கு வெள்ளி மாலையும், இரண்டாம் வகையினருக்கு ஞாயிறு மாலையும் வீடு திரும்பும் நேரமாகும்.

எல்லையின் அமைப்பு

ஜொகூர் நீரிணையின் குறுக்கே இரண்டு சாலை வழிகள் உள்ளன. பழையது ஜொகூர் தரைப்பாலம். இது ஜொகூர் பாரு நகரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியையும் இணைக்கிறது. பாலம் என்று அழைக்கப்பட்டாலும் தூண்களின் மேல் நிற்கும் பாலம் அன்று. கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பப்பட்ட 1,056 மீட்டர் நீளமுள்ள கரையாகும். இதற்கான கற்கள் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டன. 1923 செப்டம்பரில் சரக்கு இரயில்களுக்கும், அக்டோபரில் பயணிகள் இரயில்களுக்கும் திறக்கப்பட்டு, 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரித்தானியப் படைகள் இதன் ஒரு பகுதியைத் தகர்த்தன. சில நாட்களிலேயே சப்பானியர் அதைச் சரிசெய்துவிட்டனர்.

இது கட்டப்பட்டபோது இரு கரைகளும் பிரித்தானிய ஆதிக்கத்தின் கீழ் இருந்தன. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த பின்னரே இது இரு நாடுகளின் எல்லையாயிற்று. 1967இல் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது. ஊருக்குள் செல்லும் சாலையாக வகுக்கப்பட்ட ஒன்று பன்னாட்டு எல்லையாக மாறியதே இன்றைய நெரிசலின் வேர் எனலாம். தரைப்பாலத்தின் தென் முனையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி 1999 முதலும், வட முனையில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் 2008 டிசம்பர் முதலும் இயங்கி வருகின்றன.

இரண்டாவது வழி, மேற்கே துவாசையும் ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கையும் இணைக்கும் இரண்டாம் இணைப்புப் பாலமாகும். இது 1998 ஜனவரி 2 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இதன் நீளம் 1,920 மீட்டர். சாலைக் கட்டணம் கூடுதல். ஜொகூர் பாரு நகர மையத்திலிருந்து சுற்றுவழியும் ஆகும். ஆனால் கோலாலம்பூரிலிருந்து வடக்கு – தெற்கு விரைவுச்சாலை வழியே வருபவர்கள் செனாய் அருகிலேயே இவ்வழிக்குப் பிரிந்துவிடலாம். எந்தப் பாலம் என்ற முடிவைச் செனாய்க்கு முன்பே எடுக்க வேண்டியிருப்பது இப்பயணத்தின் ஒரு முக்கியக் கூறாகும். அதைத் தாண்டி நகருக்குள் வந்தபின் வழி மாற்றுவது பெரும்பாலும் மிச்சப்படுத்திய நேரத்தைத் தின்றுவிடும்.

எந்தத் திசையில் எந்த நேரம்

வாரநாட்களில் ஓட்டம் எளிதில் கணிக்கத்தக்கது. அதிகாலை 4, 5 மணியிலிருந்தே ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் நோக்கி மோட்டார் சைக்கிள்களும் பேருந்துகளும் திரள்கின்றன; மாலை 5 மணிக்குப்பின் அதே கூட்டம் எதிர்த்திசையில் திரும்புகிறது. இரு நகரங்களும் 1982 ஜனவரி 1 முதல் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால் கடிகாரத்தை மாற்றும் தேவை இல்லை. ஆனால் அந்த நேரக் கணக்கில் இங்கு சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கே எழுகிறது. தொழிலாளர்களின் நாள் இருட்டிலேயே தொடங்குவதற்கு எல்லை ஒரு காரணம் என்றால், கடிகாரம் மற்றொரு காரணம்.

வெள்ளி மாலை வேறுபட்டது. தினமும் வீடு திரும்புவோருடன், வாரம் ஒரு முறை ஊருக்குச் செல்வோரும், விடுமுறைக்குப் புறப்படும் சிங்கப்பூரரும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றனர். சனிக்கிழமை காலையிலும் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் வரிசை நீண்டதாகவே இருக்கும். வெள்ளி மாலையைத் தவிர்க்க எண்ணிச் சனி காலைக்குத் தள்ளிப்போட்டவர்கள் அனைவரும் அங்கே சந்தித்துக்கொள்வது இதற்குக் காரணம்.

ஞாயிறன்று ஓட்டம் திரும்புகிறது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். இடையில் ஓய்வெடுத்து வந்தால் 4 மணி நேரப் பயணம். வீட்டில் மதிய உணவு உண்டு 1 அல்லது 2 மணிக்குப் புறப்படுபவர் 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே எல்லையை அடைவார். மலாக்காவிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், அங்கிருந்து தேநீர் நேரத்தில் கிளம்புபவரும் சற்றுப் பிந்தி அதே வரிசையின் பின்புறத்தில் வந்து நிற்பார். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நேரங்களில் கிளம்பியவர்கள் எல்லையில் ஒன்றாகக் குவிவதற்கு, அனைவரும் மறுநாள் காலை வேலைக்கோ பள்ளிக்கோ செல்ல வேண்டியவர்கள் என்பதே காரணம். ஞாயிறு காலையிலேயே கடந்துவிடுவது அல்லது நள்ளிரவை நெருங்கிக் கடப்பது என்ற இரண்டே இவர்களுக்கு எளிய மாற்றுகள். முதலாவது, வீட்டில் இருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. இரண்டாவது, தூக்கத்தைக் குறைக்கிறது.

ஜொகூரில் வேலை நாட்கள் மாறியதும் இக்கணக்கைப் பாதித்தது. 2014 ஜனவரி 1 முதல் ஜொகூர் மாநில அரசு வெள்ளி, சனிக் கிழமைகளை வார விடுமுறையாக்கியது. சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு விடுமுறை. எனவே ஜொகூரில் அரசுப் பணியிலோ பள்ளியிலோ இருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், சிங்கப்பூரில் வேலை செய்த கணவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்று மட்டுமே. 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியது. குடும்பங்களுக்கு இது ஒரு நாளைத் திருப்பித் தந்தது. அதே வேளையில் இரு கரைகளின் விடுமுறையும் ஒன்றாகிவிட்டதால் பயணங்கள் ஒரே நேரத்தில் குவியவும் வழி ஏற்பட்டது.

வரிசை வளரும் விதம்

நெரிசல் மிகுந்த நேரம் எது என்பதைப் பலரும் வாகனங்கள் அதிகமாக வந்து சேரும் நேரம் என்றே எண்ணுகின்றனர். இது முழுவதும் சரியன்று. வரிசை என்பது வந்தவற்றிற்கும் அனுப்பப்பட்டவற்றிற்கும் இடையிலான மிச்சம். அது மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு சாவடி மணிக்கு 2,500 வாகனங்களை அனுப்ப வல்லது என்றும், மாலை 5 மணி முதல் 9 மணி வரை மணிக்கு 3,000 வாகனங்கள் வருகின்றன என்றும் கொள்வோம் (இவை விளக்கத்திற்கான எண்களே, உண்மை அளவீடுகள் அல்ல). மணிக்கு 500 வாகனங்கள் மிஞ்சும். 5.30 மணிக்கு வருபவருக்கு முன்னால் 250 வாகனங்கள். அவர் 6 நிமிடம் காத்திருப்பார். 9 மணிக்கு வருபவருக்கு முன்னால் 2,000 வாகனங்கள். அவர் 48 நிமிடம் காத்திருப்பார். 9 மணிக்குப்பின் வரவு மணிக்கு 1,500ஆகக் குறைந்தாலும் வரிசை உடனே மறையாது. மணிக்கு 1,000 வீதம் கரைந்து 11 மணிக்கே தீரும். ஆகவே உச்ச நேரம் முடியட்டும் என்று காத்திருந்து, அது முடிந்த கணத்தில் வந்து சேர்பவரே மிக நீண்ட வரிசையில் நிற்கிறார். அவர் ஒன்று உச்சத்தின் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். அல்லது இன்னும் இரண்டு மணி நேரம் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

அதே எடுத்துக்காட்டில் சில முகப்புகள் மூடப்பட்டோ, சோதனை கடுமையாக்கப்பட்டோ சாவடியின் திறன் பத்தில் ஒரு பங்கு குறைந்து 2,250 ஆகிறது எனில், 9 மணிக்கு வரிசை 3,000 வாகனங்களாகும். காத்திருப்பு 80 நிமிடமாகும். வரிசை தீர இரவு 1 மணி ஆகும். திறனில் 10 விழுக்காட்டுக் குறைவு, காத்திருப்பை மூன்றில் இரண்டு பங்கு கூட்டிவிடுகிறது. இதனால்தான் பாதுகாப்பு நிகழ்வுகள் எல்லையில் உடனே உணரப்படுகின்றன. 2008 பிப்ரவரி 27 அன்று மாஸ் செலாமாட் என்ற கைதி சிங்கப்பூர்த் தடுப்புக் காவல் மையத்திலிருந்து தப்பியபோது வெளியேறும் வாகனங்கள் தீவிரமாகச் சோதிக்கப்பட்டு, கடும் நெரிசல் ஏற்பட்டது. 2024 மே 17 அன்று ஜொகூரின் உலு திராம் காவல் நிலையம் தாக்கப்பட்ட பின்னரும் சோதனை கடுமையாக்கப்பட்டு, கூடுதல் நேரம் ஆகலாம் எனப் பயணிகள் எச்சரிக்கப்பட்டனர்.

மேலும், இங்கு சோதனை ஒன்றன்று, இரண்டு. ஒரு நாட்டின் வெளியேற்றச் சோதனையை முடித்த வாகனம் பாலத்தைக் கடந்து மற்ற நாட்டின் நுழைவுச் சோதனையில் நிற்க வேண்டும். இரண்டாவது சாவடி மெதுவானால் வரிசை பாலம் முழுதும் பின்னோக்கி வளர்ந்து, முதல் சாவடியின் வாயிலையே அடைத்துவிடும். அப்போது முதல் சாவடியில் எத்தனை முகப்புகள் திறந்திருந்தாலும் பயனில்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் இதைச் சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையின் பண்டிகைக் கால நெரிசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளும் அடுத்தடுத்து அமைந்தவையே. ஆனால் அங்கு வாகனத்திற்கு மட்டுமே கணக்கு. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் அது சில நொடிகளில் முடிகிறது. எல்லையிலோ காருக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். ஐவர் உள்ள கார், ஒருவர் உள்ள காரைவிட அதிக நேரம் எடுக்கும். வார இறுதியில் கார்கள் குடும்பத்துடன் வருவதால், அதே எண்ணிக்கையிலான கார்கள் வாரநாளைவிட மெதுவாகவே நகர்கின்றன.

சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் 2024 மார்ச் 19 முதல் கார்ப் பயணிகளுக்குக் கடப்பிதழுக்கு மாற்றாகக் கியூஆர் குறியீட்டு முறையை அறிமுகப்படுத்தியது. ஒரு காரில் வருவோர் அனைவரும் ஒரே குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம் என்பதால், மேற்கூறிய ஆள்வாரித் தாமதத்தையே இது குறிவைக்கிறது.

கட்டணமும் விதிகளும் நேரத்தை நிர்ணயித்தல்

எல்லைக் கட்டணங்கள் வருவாய்க்காக மட்டும் அல்லாமல் நேரத்தையும் வகுக்கின்றன. சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டுக் கார்களுக்கான வாகன நுழைவுக் கட்டணம் 2014 ஆகஸ்டு 1 முதல் நாளொன்றுக்கு 20 வெள்ளியிலிருந்து 35 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இக்கட்டணம் இல்லை. வாரநாட்களில் மாலை 5 மணி முதல் அதிகாலை 2 மணி வரையும் இல்லை. எனவே வெள்ளி பிற்பகல் 4.30 மணிக்கு வந்து சேரும் மலேசியக் காரோட்டி, அரை மணி நேரம் தாமதித்தால் 35 வெள்ளி மிச்சமாகும். இவ்விதி நுழைவோரை 5 மணிக்குப் பின்னே தள்ளுகிறது. மலேசியாவும் 2016 நவம்பர் 1 முதல் ஜொகூருக்குள் நுழையும் வெளிநாட்டு வாகனங்களுக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் விதித்தது. 2025 ஜூலை 1 முதல் மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் தண்டம் விதிப்பது நடைமுறைக்கு வந்தது.

பெட்ரோல் விதி புதியவர்களை வியக்கச் செய்வது. சிங்கப்பூரில் பதிவான கார், நாட்டைவிட்டு வெளியேறும்போது அதன் பெட்ரோல் தொட்டி குறைந்தது முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். மலேசியாவில் விலை குறைவு என்பதால் அங்கு சென்று நிரப்பி வருவதைத் தடுக்க 1989இல் அரைத் தொட்டி விதி கொண்டுவரப்பட்டு, 1991இல் முக்கால் தொட்டியாக உயர்த்தப்பட்டது. அளவு குறைந்த கார் திருப்பி அனுப்பப்படலாம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பப்படுவதன் இழப்பு, தண்டத்தைவிடப் பெரியது. மலேசியத் தரப்பிலும், மானிய விலை ரோன் 95 பெட்ரோலை வெளிநாட்டு வாகனங்களுக்கு விற்பது 2010 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

பேருந்து, மோட்டார் சைக்கிள், இரயில்

எல்லாரும் காரில் கடப்பதில்லை. மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித் தடம் உண்டு; மழை பெய்தால் மட்டுமே அதன் மேன்மை குறைகிறது. 160, 170, 950 எண் பேருந்துகளும் காஸ்வே லிங்க் நிறுவனப் பேருந்துகளும் இரு கரைகளையும் இணைக்கின்றன. பயணிகள் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கிச் சோதனை முடித்து மீண்டும் ஏற வேண்டும். தாம் வந்த பேருந்து போய்விட்டால் அதே எண்ணுள்ள அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். நெரிசல் மிகுந்த வேளைகளில் சிலர் பேருந்தை விட்டுவிட்டுப் பாலத்தின் ஓரமாக நடந்தே கடந்துவிடுகின்றனர். ஒரு கிலோமீட்டர் தூரமே என்பதால் பெட்டி இல்லாதவருக்கு இது பல வேளைகளில் விரைவான வழி.

இரயில் வழி நீண்ட காலம் தஞ்சோங் பகார் வரை சென்றது. 2011 ஜூன் 30 அன்று அந்நிலையம் மூடப்பட்டது; அங்கிருந்து புறப்பட்ட கடைசி இரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே ஓட்டிச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. 2015 ஜூலை 1 முதல் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே தெப்ராவ் இணைப்பு இரயில் ஓடுகிறது. ஓட்டம் 5 நிமிடமே. வார இறுதிச் சீட்டுகள் முன்பதிவிலேயே தீர்ந்துவிடுவதால், இதில் நேரம் வகுத்தல் என்பது பல நாட்களுக்கு முன்னரே சீட்டு வாங்குவதாகும்.

பண்டிகைகளும் பள்ளி விடுமுறையும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஒரு வாரமும், ஜூனில் நான்கு வாரங்களும், நவம்பர் – டிசம்பரில் ஆறு வாரங்களும் விடுமுறை. இவை தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளே ஆண்டின் மிகக் கடுமையான நாட்களுள் அடங்கும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றின் முந்தைய நாட்களும் அவ்வாறே. இத்தகைய வேளைகளில் காரில் கடக்க 3 மணி நேரம் வரை ஆனதாக ஆணையம் பலமுறை அறிவித்துள்ளது.

தீபாவளி இரு கரைகளிலும் பொது விடுமுறை. எனவே சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியத் தமிழர் தீபாவளிக்கு முந்தைய மாலையில் ஒரே நேரத்தில் புறப்படுகின்றனர். அதிகாலை எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் மறுநாளுக்குத் தள்ளிப்போடவும் இயலாது. தைப்பூசத்தின் நிலை வேறு. ஜொகூரில் அது பொது விடுமுறை. சிங்கப்பூரில் 1968இல் விடுமுறை நாட்கள் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே சிங்கப்பூரில் பணிபுரியும் ஜொகூர்த் தமிழர், தம் வீட்டார் விடுமுறையில் இருக்கும் அந்நாளில் வழக்கம்போல் அதிகாலையில் எல்லையைக் கடக்க வேண்டும் அல்லது விடுப்பு எடுக்க வேண்டும்.

2020 – 2022 மூடல்

2020 மார்ச் 18 அன்று மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது எல்லையின் அன்றாட ஓட்டம் நின்றது. ஆணை முன்னிரவுகளில்தான் அறிவிக்கப்பட்டது. வேலையை இழக்க விரும்பாத மலேசியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் 17ஆம் தேதி இரவு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றனர். அன்று கடந்தவர்களுள் பலர், ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த தம் குடும்பத்தை மாதக்கணக்கில் காண இயலவில்லை. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்காகக் குறைந்த அளவில் பேருந்துச் சேவை தொடங்கியது. 2022 ஏப்ரல் 1 அன்று எல்லை வாகனங்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது. அவ்விரண்டு ஆண்டுகளுக்குப் பின், நெரிசலைக் குறை கூறுவோரும் பாலம் வெறிச்சோடியிருந்த காலத்தை விரும்பி நினைப்பதில்லை.

நிலையை அறியும் வழிகள்

புறப்படும் முன் வரிசையின் நிலையை அறிய, சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் இரு பாலங்களிலும் வைத்துள்ள கண்காணிப்புக் கருவிகளின் படங்களை இணையத்தில் காணலாம். வானொலியும், ஆணையத்தின் சமூக ஊடக அறிவிப்புகளும் உதவுகின்றன. படத்தில் தெரிவது பாலத்தின் மேலுள்ள வரிசை மட்டுமே. சாவடிக் கட்டடத்தினுள்ளும் அதற்கு வரும் நகரச் சாலைகளிலும் நிற்பவை தெரியா. மேலும் அது அந்த நேரத்து நிலை. ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவருக்குத் தேவையானது இன்னும் ஒரு மணி நேரம் கழித்து இருக்கப்போகும் நிலை. பாலம் வெறுமையாக இருப்பதைக் கண்டு ஒரே நேரத்தில் பலர் கிளம்பினால், அவர்கள் கண்ட வெறுமை அவர்களாலேயே நிரம்பிவிடும்.

திட்டங்கள்

தரைப்பாலத்திற்கு மாற்றாக வளைந்த உயர்பாலம் ஒன்றைக் கட்ட மகாதீர் முகமது காலத்தில் மலேசியா திட்டமிட்டது. 2006 ஏப்ரலில் அப்துல்லா அகமது படாவி அரசு அதைக் கைவிட்டது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைப் பன்மடங்கு விரிவாக்கும் பணியைச் சிங்கப்பூர் மேற்கொண்டுள்ளது.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் விரைவு இரயில் திட்டத்திற்கு இரு அரசுகளும் 2020 ஜூலை 30 அன்று இறுதி உடன்பாடு செய்தன. 2026 இறுதியில் சேவையைத் தொடங்குவது அதன் இலக்கு. ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச்செல்லுமாறு இது வடிவமைக்கப்பட்டுள்ளது. இச்சேவை தொடங்கி ஆறு மாதங்களுக்குள் தெப்ராவ் இணைப்பு இரயில் நிறுத்தப்படும். புதிய இரயிலில் இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கும் இடத்தில் இரண்டாவது வரிசை கிடையாது. காரில் செல்பவர்களுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. அவர்கள் இரு சாவடிகளிலும் நின்றே செல்ல வேண்டும்.